பின்சீட்டுக்கும் ஒரு ஓட்டு வேண்டும்



இரண்டு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் ஒரு வரி கேட்டிருந்தேன். "பையன் சின்ன எஸ்.யூ.வி. ஒன்று வாங்கப் போகிறான். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" அறுபது பேருக்கு மேல் பதில் எழுதினீர்கள். எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். டர்போ எடுங்கள் டீச்சர், இத்தனை குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் போக இத்தனை விநாடி, திருப்பத்தில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். பெரும்பாலும் இதுதான். பின்சீட்டைப் பற்றி எழுதியவர்கள் மூன்றே பேர். மூவரும் பெண்பிள்ளைகள்.

அதைப் படித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. கோபத்தில் எழுதக் கூடாது என்று தள்ளிப் போட்டேன். இப்போது எங்கள் வீட்டில் அந்த விஷயம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். பதிவு நீளம்தான். என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள் நீங்கள். பத்து நிமிடம் உட்கார மாட்டீர்களா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டி.வி.எஸ். 50-இல் இருபது வருஷம் பள்ளிக்கூடம் போய்வந்தவள். "ஓட்டத் தெரியாதவங்களுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?" என்று யாராவது கேட்பதற்கு முன் பதில் சொல்லிவிடுகிறேன். காரில் ஐந்து இடம். ஓட்டுகிறவர் ஒருவர். மீதி நான்கு இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் வாழ்க்கை முழுவதும் உட்கார்ந்து வருகிறோம். அந்த நான்கு இடத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுதான். கார் வாங்குவது குடும்பத்துக்கு என்று சொல்கிறோம். கடன் கேட்கும்போது "குடும்பக் கார்", மாமனாரிடம் பேசும்போது "குழந்தைகளுக்காக". ஆனால் ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பது ஒருவர், பிடித்திருக்கிறது என்று சொல்வதும் அதே ஒருவர். மீதி நான்கு பேருக்கு வண்டி வீட்டுக்கு வந்து மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் உள்ளே உட்காரவே கிடைக்கிறது. இது சரியில்லை. இந்த ஐந்து பேர் தேர்தலில் ஒரே ஒருவருக்குத்தான் ஓட்டு.

இப்போது ஒரு சின்னப் பாடம். கணக்குப் பாடம்தான், பயப்பட வேண்டாம்.

நம் ஊரில் சின்ன எஸ்.யூ.வி. என்று விற்பவை, பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ, சோனெட், கைலாக் என்று எதை எடுத்தாலும், நீளம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே நிற்கும். எல்லாக் கம்பெனிக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை தோன்றியதாலா? இல்லை. வரிதான் காரணம். 2006 மத்திய பட்ஜெட்டில், நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள், டீசல் 1500 சி.சி.க்குள் இருந்தால் சின்னக் கார், அதற்குக் கலால் வரி குறைவு என்று வைத்தார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அந்தக் கோடு அப்படியே நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருந்தால் 18 விழுக்காடு, வெளியே போனால் 40. பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதன் பெட்ரோல் எஞ்சின் 1462 சி.சி. அதனால் அதற்கு 40.

இதில் நமக்கு என்ன? போன மாதம் ஒருநாள் காலையில் வாசலில் கோலப்பொடியால் நாலு மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் அளந்து ஒரு செவ்வகம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா "என்னங்க டீச்சர், இதென்ன புதுக் கோலம்?" என்று கேட்டார். அந்தச் செவ்வகத்துக்குள் முன்னால் எஞ்சினுக்கு ஓர் இடம், நடுவில் இரண்டு வரிசை ஆட்களுக்கு ஓர் இடம், பின்னால் பெட்டிக்கு ஓர் இடம். மொத்தம் நாலு மீட்டர். ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடாது. ஜாக்கெட் துணி மாதிரி. கைக்கு அதிகம் வெட்டினால் முதுகுக்குக் குறையும். முன்னால் மூக்கை நீட்டி முறைப்பாக வைத்தால் பின்னால் முழங்காலுக்கு இடம் குறையும். கூரையை அழகுக்காகப் பின்பக்கம் சரித்தால் பின்சீட்டில் தலை இடிக்கும். ஜன்னல் கோட்டைப் பின்னால் போகப் போக மேலே ஏற்றினால் பார்க்க ஓடுகிற சிறுத்தை மாதிரி இருக்கும். உள்ளே உட்கார்ந்த குழந்தைக்கு ஆகாயம் மட்டும்தான் தெரியும், வாந்தி வரும்.

பெரிய காரில் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கலாம். நாலு மீட்டரில் ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றை எடுத்தாக வேண்டும். அதனால்தான், சின்ன எஸ்.யூ.வி. வாங்கும்போது எதற்கு முதலிடம் என்ற கேள்வி மற்ற கார்களைவிட முக்கியம் என்கிறேன்.

இனி கொல்லிமலைக் கதைக்கு வருகிறேன். என் தம்பி மகன் இதைப் படிப்பான். மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதே. நீ நல்ல பிள்ளை, நன்றாகவும் ஓட்டுகிறாய். அத்தை உன்னைக் குறை சொல்லவில்லை, நீ வண்டியைத் தேர்ந்தெடுத்த விதத்தைத்தான் சொல்கிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் இன்னும் முழுதாகச் சொன்னபடி கேட்காது. வீட்டுக்குள் கைத்தடி, வெளியே போனால் மடக்கு சக்கர நாற்காலி. போன ஆடியில் அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். தம்பி மகன் பெங்களூரிலிருந்து புது வண்டியோடு வந்தான். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். டர்போ பெட்ரோல், இரட்டை கிளட்ச் கியர், பெரிய சக்கரம், மெல்லிய டயர், கூரையில் கண்ணாடி. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. தம்பி முன்னால். பின்னால் அவர், நான், தம்பி பெண்டாட்டி.

முதல் சங்கடம் வாசலிலேயே. சக்கர நாற்காலி பின்பெட்டிக்குள் போகவில்லை. பெட்டி முந்நூற்றைம்பது லிட்டருக்கு மேல் என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னான். லிட்டர் என்பது கன அளவு. ஐந்து செ.மீ. பக்கமுள்ள கனசதுரமும் ஒரு செ.மீ. தடிமனில் நீட்டிய பட்டையும் ஒரே கன அளவு கொண்டிருக்கலாம் என்று உங்களுக்கு எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். சக்கர நாற்காலிக்கு லிட்டர் தெரியாது. அதற்கு வேண்டியது நீளமும் அகலமும், கதவு திறக்கும் வாயின் அளவும்தான். வாய் குறுகல், விளிம்போ என் இடுப்பு உயரம். 17 கிலோ நாற்காலியை அதற்கு மேல் தூக்கிச் சாய்த்து, கடைசியில் எங்கள் காலடியில் குறுக்காக வைத்துக்கொண்டு போனோம்.

காரவள்ளி தாண்டியதும் எழுபது கொண்டை ஊசி வளைவு. டர்போ எப்படி வேலை செய்கிறது என்று என் மாணவன் ஒருவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு குட்டி விசிறி சுற்றுகிறது. அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது, அதனால் சின்ன எஞ்சினுக்குப் பெரிய பலம். ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு, விசிறியில் வேகம் இருக்காது, பலம் வராது. கொண்டை ஊசியில் நடப்பது இதுதான். வளைவுக்காக வேகத்தைக் குறைக்கிறான், திரும்புகிறான், மிதிக்கிறான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரேயடியாக எகிறுகிறது. ஓட்டுகிறவனுக்கு அது உற்சாகம். அவன் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, அடுத்து என்ன வரும் என்று உடம்புக்குத் தெரியும். பின்னால் ஒரு பக்கம் பலம் இல்லாத மனுஷனுக்கு அது எழுபது முறை விழுந்து எழுந்தது மாதிரி. பிடிக்க மேலே கைப்பிடிகூட இல்லை. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பாதி மலையில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போனபோது கியர்பெட்டி சூடாகிவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது. இருபது நிமிடம் ஓரங்கட்டினோம். அந்தப் பஸ் எங்களைத் தாண்டி, எழுபது பேரோடு, எந்த அலட்டலும் இல்லாமல் மேலே போய்விட்டது.

சாமி கும்பிட்டோம், திரும்பி வந்தோம். ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் இனிமேல் காரில் ஏற மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த இரண்டு கல்யாணத்துக்கும் போகவில்லை. "ஏன் வரல?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். இன்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இப்போது உங்களில் சிலர் எழுதிய வாதங்களுக்கு வருகிறேன். நியாயமாகவே பேசுவோம்.

"வேகமான வண்டிதான் பாதுகாப்பு டீச்சர். ஓவர்டேக் பண்ணும்போது பலம் வேணும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. ராசிபுரம் ஆத்தூர் சாலை மாதிரி இருவழிச் சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போது எதிர்த்தடத்தில் எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் அதற்கு வேண்டியது நாற்பதிலிருந்து எண்பதுக்குச் சீராக ஏறும் இழுவை, அதுவும் ஐந்து பேரும் மூட்டையும் இருக்கும்போது. நீங்கள் எழுதிய "பூஜ்யத்திலிருந்து நூறு" என்பது ஓரிருவர் மட்டும் உட்கார்ந்து, காலி வண்டியில், சிக்னலில் நின்று பந்தயம் விடுகிறவருக்கான கணக்கு. எங்கள் வீட்டு எடையைக் கூட்டிப் பார்த்தேன். பையன், மருமகள், பேரன், அவர், நான், எல்லோரும் சேர்ந்து 305 கிலோ. அரிசி, தேங்காய், பெட்டி, சக்கர நாற்காலி ஒரு 60. மொத்தம் 365. வண்டி சுமார் 1200 கிலோ. அப்படியானால் காலி வண்டியைவிட 30 விழுக்காடு கூடுதல் எடை. பரீட்சை எழுதியது ஒரு பிள்ளை, மார்க் வாங்கிக்கொண்டு போவது இன்னொரு பிள்ளை என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

"சீக்கிரம் போய்ச் சேரலாம்." ராசிபுரத்திலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்கு 30 கிலோமீட்டர் என்று வையுங்கள். எண்பதில் போனால் இருபத்திரண்டரை நிமிடம். நூறில் போனால் பதினெட்டு. வழி முழுதும் ஒரு தடங்கலும் இல்லாமல் போனாலே மிச்சம் நாலரை நிமிடம்தான். அதற்குக் கொடுக்கும் விலை என்ன? பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். எட்டு எட்டு 64, பத்து பத்து 100. வேகம் கால் பங்குதான் கூடியது, பிரேக் தூரம் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. எந்தக் கம்பெனி எஞ்சினும் இந்த வாய்ப்பாட்டை மாற்ற முடியாது.

"ஸ்டெபிலிட்டி, பிரேக், இதெல்லாம் பெர்ஃபார்மன்ஸ்தானே?" ஆமாம். அதை நானும் கேட்கிறேன். சறுக்கும்போது வண்டியை நேராக்கும் இ.எஸ்.சி., நல்ல பிரேக், ஆறு ஏர்பேக், பின்சீட்டில் மூன்று பேருக்கும் தோள்வழி வரும் பெல்ட், குழந்தை சீட்டை மாட்டும் கொக்கி. இதெல்லாம் ஐந்து பேருக்கும் சேர்ந்த பலம். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்.கேப் என்று மோதல் சோதனை செய்து நட்சத்திரம் போடுகிறார்கள். பெரியவர்களுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி. குதிரைத்திறனைப் படிக்கும் நேரத்தில் பாதி நேரம் அதைப் படியுங்கள்.

பெல்ட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த, பலமான கார். முன்னால் இருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவர் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. பின்சீட்டு என்றால் சோபா என்று நாம் நினைக்கிறோம். அது சோபா இல்லை.

"வாழ்க்கை ஒரு தடவைதான் டீச்சர், ஓட்டறதில் ஒரு சந்தோஷம் வேண்டாமா?" வேண்டும். தாராளமாக இருக்கட்டும். கல்யாணம் ஆகாதவன், தன் சம்பளம், தன் வண்டி என்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் உன் சந்தோஷத்துக்கு வாங்குவதை என் முழங்காலின் பெயரில் வாங்காதே. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இனி எங்கள் வீட்டுச் சண்டை.

அஞ்சலகத்தில் போட்டிருந்த மூத்த குடிமக்கள் சேமிப்பு இந்த வருஷம் முதிர்ந்தது. பையன் சென்னையில் இருக்கிறான். அம்மா, ஒரு நாலு லட்சம் கொடுங்க, மீதியைக் கடன் போட்டுக்கறேன், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் ஆகும் என்றான். சந்தோஷமாகத் தருகிறேன் என்றேன். பிறகு மருமகள் வாயிலிருந்துதான் தெரிந்தது, அவன் பார்த்து வைத்திருந்தது தம்பி மகன் வைத்திருக்கும் அதே வண்டி, அதே மேல் வேரியண்ட். நடு வேரியண்டுக்கும் அதற்கும் இரண்டரை லட்சம் வித்தியாசம்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எந்த வண்டியாக இருந்தாலும் சரி, வீட்டில் எல்லோரும் ஏறி, சக்கர நாற்காலியும் ஏறி, ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்சீட்டு வேண்டாம் என்றால் பணம் கிடையாது. "என்னம்மா, காசைக் காட்டி மிரட்டறீங்களா?" என்றான். ஆமாம், முப்பத்தாறு வருஷம் சாக்பீஸ் தூசியில் சம்பாதித்த காசு, கொஞ்சம் மிரட்டும்தான் என்றேன். ஒன்பது நாள் போன் பண்ணவில்லை.

அந்த ஒன்பது நாளில்தான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் மாணவன் வீட்டுக்கு வந்தான். டர்போ பாடம் நடத்தியவன் அவன்தான். நாலாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். கழித்தல் கணக்கு வராது. இன்று இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். அவனிடம் புலம்பினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், எங்ககிட்ட லாரிக்காரங்க வந்தா நான் முதல்ல கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். என்ன லோடு? முட்டைக்குக் கட்டற பாடி வேற, சிமெண்டுக்குக் கட்டற பாடி வேற, ரிக்கு வண்டி வேற. லோடு தெரியாம ஒருத்தனும் பாடி கட்ட மாட்டான். கார் வாங்கறவங்கதான் டீச்சர் லோடைச் சொல்லாம எஞ்சினைக் கேக்கறாங்க."

எனக்கு ஒரு மாதம் யோசித்தும் வராத வார்த்தை அவனுக்கு ஒரு டீக்குள் வந்துவிட்டது. அதை அப்படியே பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வந்தான். ஒன்றும் பேசவில்லை. "கிளம்புங்க, சேலம் போலாம்" என்றான்.

மூன்று ஷோரூம். சக்கர நாற்காலி, 25 கிலோ அரிசி மூட்டை, நாங்கள் ஐந்து பேர். முதல் இடத்தில் விற்பனைப் பையன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான். இரண்டாவது இடத்தில், "அஞ்சு பேரா டெஸ்ட் டிரைவா? யாரும் கேட்டதில்லீங்களே" என்று மேனேஜரிடம் போய்க் கேட்டு வந்தான். மூன்றாவது இடத்தில் இருந்த பொண்ணு மட்டும் தானே இறங்கி வந்து அவர் ஏறுவதற்குக் கதவை முழுதாகத் திறந்து பிடித்தது.

இந்த இடத்தில் நான் தோற்றதையும் எழுத வேண்டும். எனக்கு முதலில் பிடித்த வண்டியில் இடம் தாராளம், ஜன்னல் பெரியது, சீட்டு சரியான உயரம், நாற்காலி சுளுவாக உள்ளே போனது, விலையும் குறைவு. இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். பையன் விடவில்லை. "நீங்க சொன்ன மாதிரியே மேட்டுல பாத்துடலாம்மா" என்று ஏற்காடு சாலையில் முதல் வளைவுகள் வரை கொண்டுபோனான். டர்போ இல்லாத 1200 சி.சி. எஞ்சின். ஐந்து பேரோடு அது முக்கி முனகி முதல் கியருக்கு இறங்கியது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. எனக்கே பயமாகிவிட்டது. இடம் மட்டும் இருந்தால் போதும் என்று நான் நினைத்தது தப்பு. அவன் சொன்னது சரி. அதை அங்கேயே அவனிடம் ஒப்புக்கொண்டேன். பிள்ளைகளிடம் தோற்பது வாத்தியாருக்குப் புதிதல்ல.

ஆனால் பாருங்கள், அவன் அதைக் கண்டுபிடித்ததும் எப்படி? காலி வண்டியில் இல்லை. லோடு ஏற்றிய பிறகுதான். வழக்கம்போல் அவன் மட்டும் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தக் குறையும் தெரிந்திருக்காது, மற்ற வண்டியின் குறையும் தெரிந்திருக்காது.

கடைசியில் எடுத்தது நடு எஞ்சின், நடு வேரியண்ட். அடியிலிருந்தே சீராக இழுக்கிறது, அவசரப்படவில்லை. சின்னச் சக்கரம், தடித்த டயர். குழியில் விழுந்தால் முதுகுக்கு அடி குறைவு, டயர் மாற்றும்போது செலவும் குறைவு. கூரைக் கண்ணாடி இல்லை. மிச்சமான பணத்தில் ஒரு பங்கைக் குளியலறையில் அவருக்குக் கைப்பிடி வைக்கவும் வழுக்காத டைல்ஸ் போடவும் எடுத்துக்கொண்டோம்.

இனி வீட்டுப்பாடம். நாளை வண்டி வாங்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் லோடை எழுதுங்கள். யார் யார், என்ன வயது, யாருக்கு முழங்கால் வலி, என்ன சாமான், எந்தச் சாலை.

இரண்டு. முதலில் பின்சீட்டில் உட்காருங்கள். உங்கள் உயரத்துக்கு முன்சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் நீங்களே பத்து நிமிடம் உட்காருங்கள். தொடைக்குக் கீழே மெத்தை முழுதாக வருகிறதா, கால் பாதம் முன்சீட்டுக்கு அடியில் போகிறதா, ஜன்னல் வழியாக வெளியே தெரிகிறதா என்று பாருங்கள்.

மூன்று. வீட்டில் மூத்தவர் ஒருவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட்டு உயரம் அவர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். எஸ்.யூ.வி.யின் உண்மையான நன்மையே இதுதான். அதை விட்டுவிட்டு வேறு எதற்கோ வாங்குகிறோம்.

நான்கு. உங்கள் வீட்டுப் பெரிய சாமானைக் கொண்டுபோங்கள். லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம், தூக்கி வைத்துப் பாருங்கள்.

ஐந்து. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேடு, ஒரு வேகத்தடை, ஒரு மோசமான சாலை. ஓட்டுகிறவர் வாயை மூடிக்கொண்டு ஓட்டட்டும். பின்னால் இருப்பவர்கள் பேசட்டும்.

இந்த ஐந்திலும் தேறிய வண்டி இரண்டோ மூன்றோ இருந்தால், அதில் எது ஓட்டச் சுகமாக இருக்கிறதோ அதை ஓட்டுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். அதுவும் நியாயம்தானே. நீண்ட தூரம் சலிக்காமல் ஓட்டுவதும் குடும்பத்துக்கு நல்லதுதான். நான் ஓட்டும் சுகத்துக்கு எதிரி இல்லை. அது வரிசையில் முதலில் நிற்பதற்குத்தான் எதிரி.

வண்டி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பையன் இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறான். நண்பர்கள் கேட்டால் "அம்மா செலக்ஷன்" என்கிறானாம். சொல்லிவிட்டுப் போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை அவரை மெதுவாக ஏற்றி உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிட்டு, "அப்பா, ஆஸ்பத்திரி இல்லீங்க, சும்மா ஒரு ரவுண்டு" என்றான். நாமக்கல் வரை போய் ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வந்தோம். திரும்பி வரும்போது அவராகவே கேட்டார், "வர்ற ஆடிக்கு மலைக்குப் போலாமா?"

பையன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகக் கமெண்டில் எழுதுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன். ஆனால் எழுதுவதற்கு முன் உங்கள் வண்டியில் நீங்களே ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்